வேலை தெரியும்... பேப்பர் இருக்கா? ஆஸ்திரேலிய பி.ஆர் விசாவுக்கு ஆவணங்களைத் தயார்செய்வது எப்படி?

ஐயப்பன்தாங்கல், போரூர், காட்டுப்பாக்கம் பக்கம் வாடகைக்கு வீடு எடுத்து, மணப்பாக்கம் ஐ.டி பார்க்குக்கோ அம்பத்தூர் எஸ்டேட்டுக்கோ வேலைக்குப் போகிற பலருக்கும் ஒரு கணக்கு உண்டு. 'எட்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் ஆச்சு. ஆஸ்திரேலியாவுக்கு ட்ரை பண்ணலாமா?' என்பதுதான் அது.

தாராளமாக ட்ரை பண்ணலாம். ஆனால், அங்கே உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு உங்களைத் தெரியாது. அவர் முன்னால் இருப்பது நீங்கள் அப்லோட் செய்த ஃபைல்கள் மட்டும்தான். திறமை இருந்தும் பேப்பர் இல்லாமல் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

முதலில் கணக்கைப் புரிஞ்சுக்கோங்க

திறன் அடிப்படையிலான விசாவில் முக்கியமானவை மூன்று. 189 யாருடைய ஸ்பான்சரும் இல்லாத நிரந்தர வசிப்பு விசா. 190-க்கு ஒரு மாநில அரசின் பரிந்துரை வேண்டும். அதற்கு 5 புள்ளிகள் கூடுதல். 491 தற்காலிக விசா. அரசு வரையறுத்த பிராந்தியப் பகுதிகளில் வாழ வேண்டும். அதற்கு 15 புள்ளிகள் கூடுதல்.

குறைந்தது 65 புள்ளிகள் தேவை. அழைப்பு வரும்போது வயது 45-க்குள் இருக்க வேண்டும். 25 முதல் 32 வயதுவரை இருந்தால் 30 புள்ளிகள், இளநிலைப் பட்டத்துக்கு 15, வெளிநாட்டு வேலை அனுபவம் ஐந்து வருடம் என்றால் 10, எட்டு வருடம் என்றால் 15. 65 என்பது வரிசையில் நிற்பதற்கான தகுதி மட்டுமே. அழைப்பு கிடைக்கப் பெரும்பாலும் அதைவிட அதிகம் வேண்டும்.

வரிசை இதுதான்: உங்கள் தொழிலுக்கான அமைப்பிடம் திறன் மதிப்பீடு, ஆங்கிலத் தேர்வு, 'ஸ்கில்செலக்ட்' தளத்தில் விருப்பப் பதிவு, அழைப்பு, பிறகு விசா விண்ணப்பம். அழைப்பு வந்த பிறகு கிடைப்பது 60 நாள்கள்தான். 'அழைப்பு வரட்டும், அப்புறம் பேப்பரைத் தேடிக்கலாம்' என்று இருந்தால் அந்த 60 நாள் பறந்துவிடும்.

வேலைச் சான்று: பெரிய தலைவலி

ஐ.டி துறைக்கு ஏ.சி.எஸ், இன்ஜினீயர்களுக்கு இன்ஜினீயர்ஸ் ஆஸ்திரேலியா, வெல்டர், ஃபிட்டர் போன்ற தொழில்களுக்கு டி.ஆர்.ஏ என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. எல்லோரும் கேட்கிற முக்கியமான கேள்வி ஒன்றே: 'நீங்கள் தினமும் என்ன வேலை செய்தீர்கள்?'

நம் ஊர் ரிலீவிங் லெட்டரில் பதவியும் தேதியும் மட்டும்தான் இருக்கும். அது போதாது. கம்பெனி லெட்டர்ஹெட்டில், சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேரமா பகுதிநேரமா, பதவி, செய்த வேலைகளின் பட்டியல், கையெழுத்து போட்டவரின் பெயர், பதவி, தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும்.

"எங்க ஹெச்.ஆர் அப்படியெல்லாம் தர மாட்டாங்க" என்பது பல கம்பெனிகளில் கேட்கிற பதில். அதற்கும் வழி இருக்கிறது. உங்களோடு வேலை பார்த்த மேனேஜரோ சீனியரோ, உங்கள் பணியை விவரித்து நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம் தரலாம். ஏ.சி.எஸ் இதை ஏற்கிறது. உங்களுக்கு நீங்களே எழுதிக்கொள்வது செல்லாது. மற்ற அமைப்புகளின் விதியை அவரவர் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடவே சம்பளம் வாங்கியதற்கான ஆதாரமும் வேண்டும். பே ஸ்லிப், ஃபார்ம் 16, வங்கி ஸ்டேட்மென்ட், பி.எஃப் பாஸ்புக் எல்லாவற்றையும் இப்போதே டவுன்லோட் செய்துவையுங்கள். வேலையை விட்ட பிறகு கம்பெனி போர்ட்டலுக்குள் நுழைய முடியாது. பி.எஃப் கணக்கில் உள்ள சேர்ந்த, விலகிய தேதிகள் சான்றிதழோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

சின்ன வொர்க்‌ஷாப்பில் கையில் காசாகச் சம்பளம் வாங்குகிறவர்களுக்குத்தான் உண்மையான கஷ்டம். பத்து வருடம் லேத் ஓட்டியிருப்பார். காட்ட ஒரு பேப்பர் இருக்காது. வெளிநாடு போகிற எண்ணம் இருந்தால், இன்றிலிருந்தாவது சம்பளத்தை வங்கி மூலம் வாங்கக் கேளுங்கள்.

இனிஷியல் படுத்தும் பாடு

மார்க் ஷீட்டில் 'கார்த்திக் எஸ்', பாஸ்போர்ட்டில் 'கார்த்திக் சுந்தரம்', பான் கார்டில் 'சுந்தரம் கார்த்திக்' என்று இருந்தால் நமக்கு ஒரே ஆள். குடும்பப் பெயர் வழக்கம் உள்ள நாட்டுக்காரருக்கு மூன்று பேர்!

எல்லா ஃபாரத்திலும், ஆங்கிலத் தேர்வுப் பதிவிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். மற்ற ஆவணங்களில் வேறு மாதிரி இருந்தால், 'இவை எல்லாம் ஒருவரையே குறிக்கும்' என்ற நோட்டரி பிரமாணப் பத்திரத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஆதார், பான், பி.எஃப் ஆகியவற்றில் திருத்த முடிந்ததை முன்கூட்டியே திருத்திவிடுங்கள்.

முகவரியும் போலீஸ் சான்றும்

ஐயப்பன்தாங்கல்காரர்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. தபால் முகவரி சென்னை 600056. வருவாய்த்துறைக் கணக்கில் காஞ்சிபுரம் மாவட்டம், குன்றத்தூர் தாலுகா. பக்கத்திலேயே இருக்கும் காட்டுப்பாக்கமோ திருவள்ளூர் மாவட்டம். ஒரே வீடு ஆதாரில் ஒரு மாதிரி, வாடகை ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இருந்தால் போலீஸ் விசாரணையில் இழுபறி ஆகலாம். எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்குங்கள்.

போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழுக்கு பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து, 500 ரூபாய் கட்டி, அப்பாயின்ட்மென்ட் எடுக்க வேண்டும். இந்தப் பகுதிக்குப் பக்கம் சாலிகிராமம் சேவா மையம். கடந்த 10 வருடங்களில் மொத்தம் 12 மாதம் அல்லது அதற்கு மேல் வேறு நாட்டில் இருந்திருந்தால், அந்த நாட்டுச் சான்றும் வேண்டும். ஆன்சைட் போனவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ சான்றுக்குக் கைரேகை தேவை என்பதால் நேரம் பிடிக்கும்.

கல்வி, கல்யாணம், குழந்தை

டிகிரி சான்றிதழோடு எல்லா செமஸ்டர் மதிப்பெண்களும் அடங்கிய டிரான்ஸ்கிரிப்ட் வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் கிண்டியில் உள்ள தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் சேப்பாக்கத்திலும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

கோயிலில் நடந்த கல்யாணத்தைப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் ஏராளம். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். துணையையும் சேர்த்து விண்ணப்பிக்கிறவர்கள் சார்பதிவாளர் அலுவலகச் சான்றை வாங்கிவிடுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

தமிழில் மட்டும் இருக்கும் சான்றிதழ்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டும். இந்தியாவில் செய்தால் மொழிபெயர்ப்பாளரின் முழுப் பெயர், முகவரி, போன் நம்பர், தகுதி, அனுபவம் ஆகியவை அதில் இருக்க வேண்டும்.

மெடிக்கல் டெஸ்ட்டை உங்கள் குடும்ப டாக்டரிடம் எடுக்க முடியாது. ஆஸ்திரேலிய அரசு அங்கீகரித்த மருத்துவர்களிடம்தான், அதற்கான ஹெச்.ஏ.பி எண்ணோடு போக வேண்டும்.

'சர்ட்டிஃபிகேட் ரெடி பண்ணித் தர்றோம்' என்றால்...

எழுந்து வந்துவிடுங்கள். போலி ஆவணமோ தவறான தகவலோ கொடுத்தது தெரிந்தால் விசா மறுக்கப்படுவதோடு, 3 வருடங்களுக்குப் பெரும்பாலான ஆஸ்திரேலிய விசாக்கள் கிடைக்காது. அடையாளத்திலேயே பொய் என்றால் 10 வருடம். கூட விண்ணப்பித்த குடும்பத்தையும் அது பாதிக்கும். ஏஜென்ட் செய்தார், எனக்குத் தெரியாது என்பது எளிதில் எடுபடாது. ஏஜென்ட் வைத்தால், அவருடைய மாரா பதிவு எண்ணைக் கேட்டு இணையத்தில் சரிபாருங்கள்.

அதேபோல, நிரூபிக்க முடியாத அனுபவத்துக்குப் புள்ளி போட்டுக்கொள்ளாதீர்கள். அழைப்பு வந்து, கட்டணம் கட்டி, பிறகு அந்தப் புள்ளிக்கு ஆதாரம் இல்லையென்றால் விசா மறுக்கப்படும். கட்டிய பணம் பொதுவாகத் திரும்பி வராது.

எதை எப்போது?

பெயர், முகவரித் திருத்தம், வேலைச் சான்று, டிரான்ஸ்கிரிப்ட் முதலில். திறன் மதிப்பீடும் ஆங்கிலத் தேர்வும் அடுத்தது. தேர்வு முடிவு 3 வருடத்துக்குச் செல்லும். போலீஸ் சான்று 12 மாதம்தான் செல்லும் என்பதால் அதை ரொம்ப முன்னால் எடுக்க வேண்டாம்.

அசலை கலரில் ஸ்கேன் செய்து, ஃபைலுக்குப் புரிகிற பெயர் வைத்து, ஆளுக்கொரு ஃபோல்டர் போடுங்கள். கட்டணமும் விதிகளும் அடிக்கடி மாறும். பணம் கட்டுமுன் ஆஸ்திரேலிய உள்துறையின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.