மருந்துத் தொட்டியைச் சுமப்பவர் யார்?

ஒரு ஹெக்டேர் செம்பனைக்கு எத்தனை லிட்டர் களைக்கொல்லி, எவ்வளவு தண்ணீர், செலவு என்ன என்று கணக்கிட வேளாண் தொழில்நுட்ப மாணவர்கள் கற்கிறார்கள். அந்தத் தொட்டியை முதுகில் சுமப்பவர் யார் என்பதும் அதே கணக்கில் சேர வேண்டும். வேளாண் கல்வியில் மனித நேயம் என்பதன் பொருள் இதுதான்.

மலேசியாவில் பாராகுவாட் களைக்கொல்லியின் கதை இதற்குத் தக்க சான்று. களையை விரைவில் கருக்கும், அடித்த சிறிது நேரத்தில் மழை பெய்தாலும் வீரியம் குறையாது, விலையும் மலிவு. தோட்ட நிர்வாகங்கள் அதை விரும்பியதில் வியப்பில்லை. ஆனால், ஒரு வாய் உள்ளே போனாலே நுரையீரல் கெட்டு உயிர் போகலாம். முறிவு மருந்தும் கிடையாது. தோட்டப்புறங்களில் இதைத் தெளித்தவர்களில் தமிழ்ப் பெண்கள் ஏராளம். விஷத்தை அவர்கள் ‘மருந்து’ என்றே அழைத்தார்கள். அந்தச் சொல்லே பாதி அச்சத்தைப் போக்கிவிட்டது!

கையுறையும் முகமூடியும் அணிந்தால் போதும் என்பது பாடநூல் விடை. உச்சி வெயிலில், புழுக்கத்தில், கனத்த தொட்டியோடு மேடு பள்ளம் ஏறி இறங்குபவர் எத்தனை நேரம் முகமூடியைக் கழற்றாமல் இருப்பார்? காகிதத்தில் பாதுகாப்பானது காட்டில் பாதுகாப்பானதாக இருப்பதில்லை.

தோட்டப் பெண்களின் உடல்நலம் குறித்துத் தெனாகானித்தா அமைப்பு 2002-இல் ஆய்வு ஒன்றை வெளியிட்டது. அதே ஆண்டு பாராகுவாட்டைப் படிப்படியாக விலக்க அரசாங்கம் முடிவு செய்தது. 2006-இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. முழுத் தடை 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது. அதை விற்று வந்த சின்ஜெந்தா நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் சுவிட்சர்லாந்தோ, 1989-லேயே தன் மண்ணில் அதை நிறுத்திவிட்டது.

நம் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் நெறியும் நாகரிகமும் பற்றிய கட்டாயப் பாடம் உண்டு. நல்லதுதான். ஆனால் அது ஒரு வகுப்பறையிலும், களைக்கொல்லிக் கணக்கு வேறொரு வகுப்பறையிலும் இருந்தால் இரண்டும் சந்திப்பது எப்போது? களையை வெட்டுவது, மூடுபயிர் வளர்ப்பது, மாடுகளை மேய விடுவது ஆகியவற்றின் செலவையும் மாணவர்கள் அதே தாளில் ஒப்பிடட்டும்.

பாராகுவாட் போனாலும் வேறு களைக்கொல்லிகள் அதே தொட்டியில்தான் நிரம்புகின்றன. இன்று அதைச் சுமப்பவர்களில் பலர் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள். பயிற்சி வகுப்பில் தொட்டியில் வெறும் தண்ணீரை நிரப்பி, முழுக் கவச உடையோடு நண்பகலில் ஒரு மணி நேரம் தெளிக்கச் சொன்னால் போதும். எத்தனை பேர் முகமூடியோடு திரும்புகிறார்கள் என்பதை ஆசிரியர் குறித்துக்கொள்ளலாம்.