கணக்கர் ஒளித்து வைத்த சாட்சிகள்

சர்வாதிகாரியைக் கூண்டில் ஏற்றியது சிறை மீண்டவர்களின் விடாப்பிடி. இழப்பீடுதான் இன்னும் பாக்கி.

வெள்ளைத் தலைப்பாகை, கறுப்புக் கண்ணாடி. 2015இல் செனகல் தலைநகர் டாக்காரில் நடந்த விசாரணையில் சாட் நாட்டின் முன்னாள் அதிபர் ஹிஸேன் ஹாப்ரே பெரும்பாலும் மௌனமாகவே இருந்தார். எதிரே சாட்சி சொன்னவர்களில் ஒருவர் சுலைமான் கெங்கெங். இந்த நாளுக்காக அவர் கால் நூற்றாண்டு காத்திருந்தார்.

கெங்கெங் ஒரு கணக்கர். 1988இல் ரகசிய போலீஸ் அவரைப் பிடித்துச் சென்றது. உடனிருந்த கைதிகள் ஒவ்வொருவராகச் செத்து விழ, உயிரோடு மீண்டால் நியாயம் கேட்பேன் என்று சபதம் செய்தார். 1990 டிசம்பரில் ஹாப்ரே செனகலுக்குத் தப்பியோட, சிறைக் கதவுகள் திறந்தன.

வெளியே வந்தவர் தனக்குத் தெரிந்த வேலையைத் தொடங்கினார். யார், எப்போது பிடிபட்டார், என்ன ஆனார் என்று பதிவு செய்தார். மற்ற கைதிகளோடு சேர்ந்து திரட்டிய வாக்குமூலங்கள் 792. ஹாப்ரேயின் எட்டாண்டு ஆட்சியில் சுமார் 40,000 பேர் கொல்லப்பட்டிருக்கலாம் என்று 1992இல் விசாரணைக் கமிஷன் மதிப்பிட்டது. ஆனால் பழைய அதிகாரிகள் பலர் புதிய ஆட்சியிலும் பதவியில் இருந்தார்கள். மிரட்டல் வரவே, கெங்கெங் காகிதங்களை ஒளித்து வைத்தார்.

1998இல் லண்டனில் சிலியின் பினோசே கைதானது புதிய நம்பிக்கை தந்தது. 2000இல் பாதிக்கப்பட்டோர் டாக்காரில் வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டே, தங்களுக்கு அதிகாரமில்லை என்று செனகல் நீதிமன்றங்கள் கைகழுவின. அதே 2001இல், பாழடைந்து கிடந்த ரகசிய போலீஸ் தலைமையகத்தில் ஆயிரக்கணக்கான ஆவணங்கள் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பினர் கண்ணில் பட்டன. காவலில் இறந்த 1,208 பேரின் பெயர்கள் அவற்றில் இருந்தன. கைதிகளின் வக்கீல் ஜாக்லின் முதெய்னா அந்த ஆண்டில் ஒரு போராட்டத்தின்போது கையெறி குண்டில் படுகாயமடைந்தார். பிழைத்து, வழக்கைத் தொடர்ந்தார்.

கைதிகள் பெல்ஜியத்தின் கதவையும் தட்டினார்கள். அந்நாடு தொடுத்த வழக்கில், விசாரிக்க வேண்டும் அல்லது நாடுகடத்த வேண்டும் என்று 2012இல் சர்வதேச நீதிமன்றம் செனகலுக்கு உத்தரவிட்டது. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் ஒத்துழைப்போடு சிறப்பு நீதிமன்றம் அமைந்தது. போர்க் குற்றம், மானுடத்துக்கு எதிரான குற்றம், சித்திரவதை ஆகியவற்றுக்காக 2016 மே 30இல் ஹாப்ரேக்கு ஆயுள் தண்டனை. ஒரு நாட்டின் நீதிமன்றம் இன்னொரு நாட்டின் முன்னாள் ஆட்சியாளரை இத்தகைய குற்றங்களுக்காகத் தண்டித்தது அதுவே முதல் முறை.

2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்து, 7,000க்கும் அதிகமானோருக்கு சுமார் 8,200 கோடி பிராங்க் இழப்பீடு விதித்தது. 2021இல் ஹாப்ரே இறந்தார். 2024இல்தான் சாட் அரசு அதில் ஒரு சிறு பகுதியைக் கொடுக்கத் தொடங்கியது. காத்திருந்தே கண்மூடியவர்கள் பலர். கணக்கர் தொடங்கிய கணக்கு இன்னும் நேர் செய்யப்படவில்லை.