உங்களுக்குத் தெரியுமா? – பூட் ஆகாத பழைய கணினி என்ன சொல்கிறது?

பத்துப் பதினைந்து வயதான கணினியில் லினக்ஸ் போடுகிறோம். எல்லாம் நல்லபடியாக முடிகிறது. ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரை. அதில் ஒரே ஒரு வரி. உடனே பென் டிரைவைச் செருகி மறுபடி முதலிலிருந்து இன்ஸ்டால் செய்யத் தொடங்கிவிடுகிறோம். இரண்டு மணி நேரம் கழித்து அதே கறுப்புத் திரை, அதே வரி. எந்த இடத்தில் வண்டி நின்றது என்பது அந்த வரியிலேயே இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் போதும், பெரும்பாலும் பத்து நிமிட வேலை.

● பவர் பட்டனை அழுத்தியதும் பழைய பயாஸ் ஹார்ட் டிஸ்க்கில் படிப்பது முதல் செக்டரை மட்டும்தான். அதன் அளவு 512 பைட். அதிலும் பூட் லோடருக்குக் கிடைப்பது 446 பைட். அடுத்த 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு. ஒன்றுக்கு 16 பைட் வீதம் நான்கு. பழைய முறையில் நான்கு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் போட முடியாததன் காரணம் இவ்வளவுதான். கடைசி இரண்டு பைட் 55, ஏஏ என்னும் முத்திரை. முத்திரை இல்லையென்றால் 'இதில் பூட் செய்ய எதுவும் இல்லை' என்று பயாஸ் நகர்ந்துவிடும். 1983-இல் பிசி டாஸ் 2.0 வந்தபோது செய்த ஏற்பாடு இது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ் யூனிகோடின் ஒரு குறிக்கு 3 பைட் ஆகும். 446 பைட்டில் இந்தப் பத்தியின் இரண்டு மூன்று வரிகள்தான் அடங்கும். அவ்வளவு சிறிய இடத்திலிருந்துதான் ஒரு முழு இயங்குதளம் எழுந்து வருகிறது.

● 'நோ ரோம் பேசிக், சிஸ்டம் ஹால்ட்டட்' என்று மிகப் பழைய கணினிகளில் வரும். முதல் ஐபிஎம் பிசியில் டிஸ்க் எதுவும் கிடைக்காவிட்டால், மதர்போர்டு சிப்பிலேயே இருந்த பேசிக் மொழி திரையில் வந்துவிடும். மற்ற நிறுவனங்கள் செய்த நகல் கணினிகளில் அந்தச் சிப் கிடையாது. ஆகவே இந்த வரியின் பொருள் வெறும் 'பூட் செய்ய எதுவும் கிடைக்கவில்லை' என்பதே. பேசிக்கைத் தேடி அலைய வேண்டாம். ஹார்ட் டிஸ்க் கேபிளைப் பாருங்கள்.

● லினக்ஸின் பழைய பூட் லோடர் லிலோ தன் பெயரையே பழுது சொல்லும் கருவியாக வைத்திருந்தது. 'எல், ஐ, எல், ஓ' என்ற நான்கு எழுத்துகளையும் அது மொத்தமாக அச்சிடாது; ஒரு படி தாண்டினால் ஓர் எழுத்து. திரையில் 'எல்' மட்டும் நின்றால், முதல் பகுதி வந்துவிட்டது, இரண்டாம் பகுதியைப் படிக்க முடியவில்லை. பக்கத்தில் எண்கள் ஓடினால் அது டிஸ்க் பிழையின் குறியீடு. 'எல்ஐ' என்றால் இரண்டாம் பகுதி வந்தும் ஓடவில்லை. 'எல்ஐஎல்' என்றால் அது ஓடத் தொடங்கி, கெர்னல் இருக்கும் இடம் பற்றிய விவரத்தைப் படிக்க முடியாமல் நிற்கிறது. நான்கு எழுத்தும் வந்தால் அதன் வேலை சரியாக முடிந்தது. பழுது சொல்வதில் இவ்வளவு சுருக்கமும் தெளிவும் கொண்ட நிரல் இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

லிலோவுக்குக் கோப்பு, ஃபோல்டர் எதுவும் தெரியாது. கெர்னல் டிஸ்க்கில் எந்தெந்த செக்டரில் கிடக்கிறது என்ற எண்களை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளும். புதுக் கெர்னல் போட்டுவிட்டு லிலோ கட்டளையை மறுபடி ஓட்ட மறந்தால், அடுத்த முறை பூட் ஆகாது. அதன் வளர்ச்சிப் பணி 2015 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது.

● இன்று பரவலாக இருக்கும் கிரப், லினக்ஸுக்காகப் பிறந்ததே அல்ல. 1995-இல் எரிக் போலின் குனு ஹர்டு இயங்குதளத்தை பூட் செய்வதற்காக எழுதியது. இயற்பியலில் 'மாபெரும் ஒருங்கிணைந்த கோட்பாடு' என்று ஒன்றைத் தேடுகிறார்களே, அதன் ஆங்கிலப் பெயரைத் தழுவி வைத்த பெயர்தான் கிரப்.

● போன வாரம் வரை நன்றாக ஓடிய பழைய கணினி, கெர்னல் அப்டேட் ஆன மறுநாள் 'டிஸ்க்குக்கு வெளியே படிக்க முயற்சி' என்று சொல்லி நின்றுவிட்டதா? பழைய கிரப்பாக இருந்தால் 'எரர் 18' என்று வரும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று பலரும் பயந்துபோவது இந்த இடத்தில்தான். பெரும்பாலும் டிஸ்க் நன்றாகவே இருக்கும்.

பழைய பயாஸ் டிஸ்க்கை சிலிண்டர், ஹெட், செக்டர் என்ற மூன்று எண்களால் அளந்தது. சிலிண்டர் எண்ணுக்கு 1024-தான் உச்சம். 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர், ஒவ்வொன்றும் 512 பைட் என்று பெருக்கினால் சுமார் 528 எம்பி. ஹெட்டை 255 ஆக்கியதும் எல்லை 8.4 ஜிபி ஆனது. அதையும் தாண்டிய பிறகு 28 பிட் முகவரியின் எல்லையான 137 ஜிபி வந்து நின்றது. கணினி எந்த ஆண்டில் செய்யப்பட்டதோ, அதற்கேற்ப அதன் பயாஸ் இந்த வேலிகளில் ஒன்றுக்குள் அடைபட்டிருக்கும்.

கெர்னல் எழுந்துவிட்டால் இந்த வேலி கிடையாது. அது தன் சொந்த டிரைவரால் டிஸ்க்கை முழுதாகப் பார்க்கும். கிரப் மட்டும் பயாஸ் கண் வழியாகவே பார்க்கிறது. அதனால்தான் லைவ் சிடியில் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும், பூட் மட்டும் ஆகாது. முதலில் போட்ட கெர்னல் தற்செயலாக வேலிக்கு உள்ளே விழுந்திருக்கும். அப்டேட்டில் வந்தது வெளியே விழுந்திருக்கும். மறுபடி இன்ஸ்டால் செய்தால் சில மாதம் ஓடி, மறுபடி நிற்கும். நிலையான தீர்வு ஒன்றே: டிஸ்க்கின் தொடக்கத்தில் அரை ஜிபி முதல் ஒரு ஜிபி வரை சிறிய பார்ட்டிஷன் ஒன்றை ஒதுக்கி, அதை 'பூட்' ஃபோல்டருக்கென்று கொடுத்துவிடுங்கள். எந்தக் கெர்னல் வந்தாலும் வேலிக்குள்ளேயே இருக்கும்.

● இப்போதைய கிரப் டிஸ்க்கை 0-விலிருந்து எண்ணும், பார்ட்டிஷனை 1-லிருந்து எண்ணும். பழைய கிரப் இரண்டையுமே 0-விலிருந்து எண்ணியது. பழைய புத்தகத்தைப் பார்த்து எண்ணைத் தட்டினால் பக்கத்துப் பார்ட்டிஷனில் போய் விழுவீர்கள்.

● 'கிரப் ரெஸ்க்யூ' என்று வந்து நின்றால் மனம் தளர வேண்டாம். உண்மையில் அது நல்ல செய்தி. முதல் செக்டர் படிக்கப்பட்டு, அதற்கடுத்துள்ள கிரப்பின் மையப் பகுதியும் ஏறிவிட்டது. டிஸ்க்கில் தன் ஃபோல்டர் எங்கே என்பது மட்டும்தான் அதற்குத் தெரியவில்லை. பார்ட்டிஷனை அழித்தாலோ இடம் மாற்றினாலோ இது நடக்கும். நீங்கள் வழி காட்டினால் போதும்.

'எல்எஸ்' என்று தட்டினால் டிஸ்க்குகளும் பார்ட்டிஷன்களும் அடைப்புக்குறிக்குள் வரும். ஒவ்வொன்றாக 'எல்எஸ்' கொடுத்துத் திறந்து, எதில் 'பூட்' ஃபோல்டரும் அதற்குள் 'கிரப்' ஃபோல்டரும் இருக்கின்றன என்று பாருங்கள். 'பூட்' தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் 'கிரப்' ஃபோல்டர் நேரடியாகவே தெரியும். கண்டதும் 'செட் ரூட்' கட்டளையில் அந்தப் பார்ட்டிஷனையும், 'செட் ப்ரிஃபிக்ஸ்' கட்டளையில் அந்த ஃபோல்டரின் முழு வழியையும் கொடுங்கள். பிறகு 'இன்ஸ்மாட் நார்மல்', அதன் பிறகு 'நார்மல்'. வழக்கமான மெனு வந்துவிடும். இது அந்த ஒரு முறைக்கு மட்டும்தான். லினக்ஸுக்குள் போனதும் 'கிரப்-இன்ஸ்டால்' ஓட்டி நிரந்தரமாக்குங்கள்.

● அந்தக் கட்டளைக்கு டிஸ்க்கின் பெயர் வேண்டும், பார்ட்டிஷனின் பெயர் அல்ல. அதாவது 'எஸ்டிஏ', 'எஸ்டிஏ1' அல்ல. கடைசியில் ஒட்டிய அந்த ஒற்றை எண்ணால் கிரப் முதல் செக்டருக்குப் போகாமல் பார்ட்டிஷனுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். பயாஸ் அங்கே எட்டிப் பார்க்காது.

● பென் டிரைவ் செருகியிருந்தால் மட்டுமே பூட் ஆகிறதா? கிரப் பென் டிரைவில் எழுதப்பட்டுவிட்டது. பென் டிரைவிலிருந்து பூட் செய்யும்போது அதையே முதல் டிஸ்க்காகக் காட்டும் கணினிகள் உண்டு. பூட் லோடரை எங்கே போடுவது என்று இன்ஸ்டாலர் கேட்கும்போது, பெயரைப் பார்க்காமல் அளவைப் பாருங்கள். 16 ஜிபி என்று இருந்தால் அது உங்கள் ஹார்ட் டிஸ்க் அல்ல.

● எல்லாம் சரியாக இருந்தும் சில பழைய பயாஸ்கள் பூட் செய்ய மறுக்கும். ஏதாவது ஒரு பார்ட்டிஷன் 'ஆக்டிவ்' என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அவற்றின் பிடிவாதம். கிரப்புக்கு அந்தக் குறி தேவையே இல்லை. பார்ட்டிஷன் நிரலில் 'பூட்' கொடியை ஏற்றிவிட்டால் பிரச்சினை தீரும்.

● பழைய பயாஸ் கணினியில் 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கைப் போட்டால் ஜிபிடி அட்டவணை தேவைப்படும். கிரப்பின் மையப் பகுதி வழக்கமாகக் குடியிருக்கும் காலி இடம் அதில் இல்லை. 1 எம்பி அளவில் தனிப் பார்ட்டிஷன் ஒன்று ஒதுக்க வேண்டும். அந்த வகைப் பார்ட்டிஷனை அடையாளம் காட்டும் 16 பைட் எண்ணை எழுத்தாக மாற்றிப் படித்தால் 'ஹா! ஐ டோன்ட் நீட் இஎஃப்ஐ' என்று வரும். பயாஸுக்கு மாற்றாக வந்த முறைதான் இஎஃப்ஐ. 'எனக்கு இஎஃப்ஐ தேவையில்லை' என்று எழுதியவர் அறிவித்துவிட்டுப் போயிருக்கிறார்.

● பிராசசர் 64 பிட், ஆனால் அதை எழுப்பும் ஃபர்ம்வேர் 32 பிட். இப்படியும் கணினிகள் உண்டு. 2006, 2007-இல் வந்த இன்டெல் மேக்குகளில் பலவும், பிறகு வந்த ஆட்டம் பிராசசர் டேப்லெட்டுகளும் இந்த ரகம். 64 பிட் பென் டிரைவைச் செருகினால் அவை அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. 2015-இல் வந்த டெபியன் 8 முதல் இந்தக் கலப்பு ரகத்துக்கு வழி செய்திருக்கிறார்கள்.

● திரையில் வருவது எல்லாம் பூட் லோடரின் குற்றம் அல்ல. 'எக்ஸ்86-64 பிராசசர் தேவை' என்று வந்தால் கிரப் தன் வேலையை முடித்துவிட்டது. நீங்கள் எடுத்துவந்த கெர்னல்தான் அந்தக் கணினிக்குப் பொருந்தவில்லை. உபுண்டு 2017-இல் 17.10-உடன் 32 பிட் டெஸ்க்டாப்பை நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இலும் 32 பிட் பிசிக்கான இன்ஸ்டாலர் இல்லை. அத்தகைய கணினிக்கு டெபியன் 12 இருக்கிறது. 'பிஏஇ இல்லை' என்று பென்டியம் எம் லேப்டாப் புகார் சொன்னால், கெர்னல் வரியின் கடைசியில் 'ஃபோர்ஸ்பிஏஇ' என்று சேர்த்துப் பாருங்கள். அந்தப் பிராசசர்களில் சிலவற்றுக்கு அந்த வசதி உண்டு. இருக்கிறது என்று வெளியே சொல்லாது, அவ்வளவுதான்.

● தமிழக அரசு 2011-இல் தொடங்கி மாணவர்களுக்கு வழங்கிய இலவச லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்த பாஸ், சென்னை சிடாக் மையத்தில் உருவானது. வைரஸ் தொல்லையால் விண்டோஸை மறுபடி போட்டதும் பாஸ் காணாமல் போய்விட்டது என்று நினைத்தவர்கள் அநேகம். விண்டோஸ் முதல் செக்டரில் தன் குறியை எழுதிக்கொண்டது. பார்ட்டிஷனை அழித்திருந்தால் ஒழிய, லினக்ஸ் அதன் இடத்தில் அப்படியே இருந்தது. லைவ் சிடியிலிருந்து கிரப்பை மறுபடி எழுதினால் திரும்ப வந்துவிடும். இரண்டும் வேண்டுமென்றால் முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ்.

● இதற்கு நேர்மாறாக, லினக்ஸ் போட்டதும் மெனுவில் விண்டோஸ் காணவில்லையா? 2021-இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் வேலையைப் பாதுகாப்புக் கருதி அணைத்தே வைக்கிறார்கள். கிரப் அமைப்புக் கோப்பில் அதை இயக்கி, மெனுவைப் புதுப்பித்தால் விண்டோஸ் வந்து நிற்கும்.

● பாதுகாப்பு என்றதும் நினைவுக்கு வருவது: 2015-இல் ஸ்பெயின் நாட்டின் வலென்சியா பாலிடெக்னிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், கிரப் பயனர் பெயர் கேட்கும் இடத்தில் பேக்ஸ்பேஸை 28 முறை அழுத்தினால் பாஸ்வேர்டே இல்லாமல் ரெஸ்க்யூ திரைக்குள் நுழையலாம் என்று காட்டினார்கள். அந்த ஓட்டை உடனே அடைக்கப்பட்டுவிட்டது. பல ஆண்டுகளாக அப்டேட் பார்க்காத கணினியில் இன்னும் திறந்தே இருக்கும்.

● சிடியிலிருந்து பூட் செய்யும் முறைக்கு 'எல் டொரிட்டோ' என்று பெயர். 1995-இல் வெளியான இது, ஃபீனிக்ஸ், ஐபிஎம் நிறுவனத்தார் கலிஃபோர்னியாவில் அந்தப் பெயருள்ள உணவகத்தில் உட்கார்ந்து பேசியபோது உருவானதாம். யுஎஸ்பியிலிருந்து பூட் செய்யத் தெரியாத கணினிக்கு இன்றும் சிடிதான் கைகொடுக்கிறது. பிளாப் என்ற சின்ன பூட் மேனேஜரைச் சிடியில் எழுதி ஏற்றினால், அது தன் சொந்த டிரைவரால் பென் டிரைவை எழுப்பிவிடும்.

● நேற்று சரிசெய்த பூட் இன்று காலை மறுபடி கெட்டுப்போய், தேதியும் பழைய ஆண்டைக் காட்டினால், கிரப்பைத் தொடாதீர்கள். மதர்போர்டில் இருக்கும் வட்டச் செல் தீர்ந்திருக்கிறது. அது தீர்ந்தால், மின்சாரத்தை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் பூட் வரிசையும் டிஸ்க் அமைப்பும் தொழிற்சாலையில் இருந்த நிலைக்குத் திரும்பிவிடும். செல்லின் பெயர் சிஆர்2032: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். கடிகாரக் கடையிலும் கிடைக்கும். மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் அந்தச் செல்லை மாற்றிப் பாருங்கள்.