டிஜிட்டல் கிதார் எஃபெக்ட்ஸ் கருவியில் செயலிச் சுமை

டிஜிட்டல் கிதார் எஃபெக்ட்ஸ் கருவி என்பது கிதாரின் ஒலியை எண்களாக மாற்றி, கணக்கிட்டு, மீண்டும் ஒலியாகத் தரும் ஒரு சிறு கணினி. தனக்குக் கிடைக்கும் நேரத்தில் எத்தனை பங்கை அதன் செயலி கணக்கீட்டில் செலவிடுகிறது என்பதே செயலிச் சுமை எனப்படுகிறது.

நேரக் கணக்கு

இத்தகைய கருவிகள் பலவும் விநாடிக்கு 48,000 ஒலி மாதிரிகளை எடுக்கின்றன. 64 மாதிரிகளை ஒரு தொகுதியாகக் கையாளும் கருவிக்கு, ஒவ்வொரு தொகுதியையும் முடிக்க ஏறத்தாழ 1.33 மில்லி விநாடிதான் உண்டு. அதில் 1 மில்லி விநாடி செலவானால் சுமை 75 விழுக்காடு. அடுத்த தொகுதி வருவதற்குள் வேலை முடியாவிட்டால் ஒலி அறுபடும். இதைத் தவிர்க்கவே, லைன் 6 நிறுவனத்தின் ஹீலிக்ஸ் கருவி, மீதமுள்ள திறனுக்குள் அடங்காத எஃபெக்டுகளை மங்கலாகக் காட்டி, சேர்க்கவிடாமல் தடுக்கிறது.

சுமை கூடும் இடங்கள்

ஒலியளவு, சமன்படுத்தி போன்றவை எளியவை. ஆம்ப் மாடல், ரிவெர்ப், பல தந்திகளின் சுருதியை ஒன்றாக மாற்றும் எஃபெக்ட் ஆகியவை கனமானவை. ஸ்பீக்கர் பெட்டியின் ஒலிப்பதிவுக் கோப்பு 1,024 மாதிரிகளுக்குப் பதில் 2,048 கொண்டதாக இருந்தால், நேரடிக் கணக்கீட்டில் வேலை இரு மடங்காகும்.

குறைக்கும் வழிகள்

* பயன்படாத எஃபெக்டை நீக்கிவிட வேண்டும். ஹீலிக்ஸில் அணைத்து வைத்த எஃபெக்டும் செயலியில் இடம் பிடிக்கும். காலால் மிதித்தவுடன் ஒலிக்க அது ஆயத்தமாக இருந்தாக வேண்டும்.
* மிக்சருக்கு ஒரே கேபிள் போகுமானால் ஸ்டீரியோ வகைகள் தேவையில்லை, மோனோ போதும்.
* மிக்சரிலேயே ரிவெர்ப் சேர்ப்பதானால் கருவியில் உள்ளதை எடுத்துவிடலாம்.
* இரு செயலிகள் உள்ள கருவியில் கனமான எஃபெக்டுகளை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கலாம்.

மேடையில் இதன் பயன்

காரைக்குடி வட்டாரத்துத் திருவிழா மேடையில் வாசிக்கும் மெல்லிசைக் குழுவின் கிதார் கலைஞருக்குப் பல்லவியில் தெளிந்த ஒலியும் இடையிசையில் கரகரத்த ஒலியும் தேவைப்படலாம். பல கருவிகளில், பிரிசெட்டை மாற்றினால் ஒலி ஒரு நொடிப்பொழுது நின்றுவிடும். ஒரே பிரிசெட்டுக்குள் அமைப்புகளை மட்டும் மாற்றும் ஸ்னாப்ஷாட் முறையில் அந்த இடைவெளி இல்லை. ஆனால், அந்தப் பாடலுக்கு வேண்டிய எல்லா எஃபெக்டுகளும் ஒரு பிரிசெட்டுக்குள் அடங்க வேண்டும். சுமையைச் சிக்கனமாகக் கையாண்டவருக்கே அதற்கு இடம் மிஞ்சும்.