அதே வீடு, வேற வயசு: 'அமெரிக்கன் ஃபுட்பால்' திரும்பி வந்த கதை

இந்த எபிசோடை ஊர்ல, ஏரியூர்ல இருந்து பதிவு பண்றேன். நடுவுல கோழி கத்தினா மன்னிச்சுக்கோங்க.

இன்னைக்குப் பேசப்போறது ஒரு எமோ பேண்ட் பத்தி. எமோன்னா முகத்துல முடி விழுந்த பசங்க அழுற பாட்டு இல்லை. 1980கள்ல வாஷிங்டன் டி.சி.யோட ஹார்ட்கோர் பங்க்ல, கோபத்தோட சேர்ந்து மனசையும் திறந்து காட்ட ஆரம்பிச்சாங்க. அங்க தொடங்கினதுதான் இது. 90கள்ல அமெரிக்காவின் மத்தியப் பகுதிக்குப் போனதும் கிட்டார் மென்மையாச்சு, தாளம் சிக்கலாச்சு.

அந்த வகையில முக்கியமான பேண்ட் 'அமெரிக்கன் ஃபுட்பால்'. இல்லினாய்ஸ் மாநிலம் அர்பானாவில் மைக் கின்செல்லா, ஸ்டீவ் ஹோம்ஸ், ஸ்டீவ் லாமோஸ்னு மூணு காலேஜ் பசங்க. 1999ல பாலிவினைல் நிறுவனம் மூலமா ஒரே ஒரு ஆல்பம். அப்புறம் படிப்பு முடிஞ்சது, பேண்டும் முடிஞ்சது. சண்டை எதுவும் இல்லை, அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க. நம்ம ஹாஸ்டல் கூட்டம் கலைஞ்ச மாதிரிதான்.

அவங்க இசை எப்படி வேலை செய்யுது? ஒருத்தர் ஏழு ஏழா எண்ணி, இன்னொருத்தர் நாலு நாலா எண்ணினா, 28 எண்ணிக்கைக்கு ஒரு தடவைதான் ரெண்டு சுற்றும் ஒண்ணா முடியும். மிருதங்கம் கேட்டு வளர்ந்தவங்களுக்கு இது புதுசு இல்லை. இவங்க கிட்டார்களும் இப்படித்தான் விலகி விலகிப் போய்ச் சேரும். பிரிவைப் பத்தின பாட்டுக்கு அது அவ்வளவு பொருத்தம்.

பேண்ட் இல்லாத வருஷங்கள்ல அந்த ஆல்பம் இணையத்துல கைமாறிக் கைமாறி வளர்ந்துச்சு. 2014ல திரும்பவும் மேடை ஏறினாங்க. மைக்கோட உறவினர் நேட் கின்செல்லா பேஸ் கிட்டாரோட சேர்ந்துக்கிட்டார். 17 வருஷம் கழிச்சு, 2016ல ரெண்டாவது ஆல்பம். 2019ல மூணாவது.

அட்டைப்படங்களைப் பாருங்க. முதல் ஆல்பத்துல, வெளியில நின்னு ஒரு வீட்டோட மாடி ஜன்னலைப் பார்க்கிறோம். ரெண்டாவதுல அதே வீட்டுக்குள்ள நிக்கிறோம். மூணாவதுல வீடே இல்லை, மூடுபனி விழுந்த வெளி மட்டும்தான்.

உண்மையைச் சொன்னா, 2016 ஆல்பம் முதல்ல எனக்குப் பிடிக்கல. அந்த ஜன்னல் வெளிச்சத்தைத் தேடினேன், கிடைக்கல. உள்ள போனா அது வெறும் வீடுதானே! மூணாவது ஆல்பம்தான் புரிய வெச்சுது. நாற்பதைத் தொட்டவங்க இருபது வயசு மாதிரி நடிக்கல. 'அன்கம்ஃபர்டப்ளி நம்ப்' பாட்டுல மைக்கும் ஹெய்லி வில்லியம்ஸும் பாடும்போது, பழைய காதலோட வலி இல்லை. தன் அப்பா பண்ணின தப்பைத் தானே பண்ற ஒருத்தனோட பயம் கேட்குது.

எங்க ஊர்ப்பக்கம் நாகமரை போனா, மேட்டூர் அணையோட தேங்கின தண்ணி. எதிர்க்கரை பண்ணவாடி. 1934ல அணை வந்தப்போ மூழ்கின கோயிலோட நந்தி, தண்ணி நல்லா இறங்கினா வெளியில தெரியும். எல்லாரும் போட்டோ எடுக்கப் போவாங்க. ஆனா நந்தி எழும்பி வர்றதில்ல, தண்ணிதான் வத்துது. விவசாயிக்கு அது கெட்ட சேதி.

எனக்கும் அப்படித்தான். காலேஜ் நாட்களை ரொம்ப நினைக்கிற நேரத்துல, இப்ப இருக்கிற வாழ்க்கையில ஏதோ வத்திப்போயிருக்கு. அந்த ஆல்பம் என்னைக் கேட்ட கேள்வி அதுதான்: என்ன வத்துச்சு?

நேத்து ராத்திரி, நாலு வருஷமாப் பேசாத ஹாஸ்டல் நண்பனுக்கு போன் பண்ணினேன். பழைய கதை அஞ்சு நிமிஷம்தான் ஓடுச்சு. மீதி ஒரு மணி நேரம் அவங்க அப்பாவோட டயாலிசிஸ் பத்திப் பேசினோம். வெக்கும்போது, "அடுத்த வாரம் கூப்பிடுடா"ன்னான்.

கூப்பிடணும். நீங்க 1999 ஆல்பத்தை முதல்ல கேளுங்க, அப்புறம் 2019. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.