வேண்டாம் என்று அனுப்பிய ஆட்டக்காரன்

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை மாலை. ஜாசினில் எங்கள் தாமான் பையன்களுக்குக் காற்பந்துப் பயிற்சி முடிந்து எல்லோரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஒருவன் மட்டும் காலணியைக் கழற்றாமல் நின்றான். பதினாறு வயது. எங்கள் குழுவில் அவன் அளவுக்குப் பந்தைக் கையாளத் தெரிந்தவன் வேறு யாருமில்லை.

"கோச், நான் வேற டீமுக்குப் போகலாம்னு இருக்கேன். கடிதம் கொடுப்பீங்களா?"

அன்றிரவு செயற்குழுவில் மூன்று பேரும் மூன்று விதமாகப் பேசினார்கள். "தலைக்கனம் வந்துருச்சி, போய்த் தொலையட்டும்" என்றார் ஒருவர். "தீபாவளிப் போட்டி முடியற வரைக்கும் கடிதம் கொடுக்காதீங்க" என்றார் இன்னொருவர். "பதிலுக்கு அவங்ககிட்ட ஒரு கோல்கீப்பரைக் கேட்போம்" என்றார் மூன்றாமவர். நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். காரணம் உண்டு. முப்பது வருடங்களுக்கு முன்பு இதே போன்ற ஒரு பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொன்னவன் நான். அந்தத் தீர்ப்பு தப்பு.

கித்தாக் காட்டுத் திடல்

மலாக்காவுக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு பழையது. இந்நாட்டில் வணிக நோக்கில் முதன்முதலில் ரப்பர் பயிரிட்டவர் டான் சாய் யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் தோட்டம் போட்டார். அதன் பின் ஜாசின், அலோர் காஜா பக்கமெல்லாம் கித்தா மரங்கள் பரவின. கூடவே நம் பாட்டன்மார்களும் வந்தார்கள். தோட்டம் என்றால் ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு கள்ளுக்கடை, ஒரு திடல். இந்த நான்கும் இல்லாத தோட்டத்தை நான் பார்த்ததில்லை.

மாலையானால் திடல்தான் எங்களுக்கு எல்லாம். தேசியக் குழுவின் கோல்கீப்பர் ஆறுமுகத்தை 'ஸ்பைடர்மேன்' என்று உலகம் அழைத்த காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். லயத்துப் பையன்கள் ஒவ்வொருவனும் கோல் கம்பத்தில் நின்றால் கையை நீட்டி நீட்டிப் பார்ப்பான்.

1992இல் எங்கள் தோட்டக் குழுவுக்கு நான் செயலாளர். அப்போது ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம். இன்றும் இந்த வட்டாரத்தில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான். இடது கால்காரன். மூன்று பேர் சூழ்ந்து நின்றாலும் பந்து அவன் காலில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். அவனோ அக்காலத்துப் பிள்ளைகளைப் போலத் தோட்ட வேலைக்குப் போகாமல் பத்து பிரண்டாம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான்.

சேர்ந்த ஆறே மாதத்தில் ஆள் மாறிவிட்டான். பயிற்சிக்கு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குத் தாமதமாக வருவான். பாதி ஆட்டத்தில் நின்றுவிடுவான். ஏதாவது சொன்னால் பதிலுக்குச் சீறுவான். ஒருநாள் என் முகத்துக்கு நேரே சட்டையைக் கழற்றித் தரையில் போட்டான். "டவுன் காத்து பட்டுருச்சி" என்று பெரியவர்கள் தலையாட்டினார்கள்.

பக்கத்துத் தோட்டத்துக் குழு அவன்மேல் கண் வைத்திருந்தது. அவர்களிடம் தடுப்பாட்டக்காரர்கள் இருவர் உபரியாக இருந்தார்கள். ஒரு மாலையில் கடைத்தெருவில் தேநீர் குடித்துக்கொண்டே பேசி முடித்தோம். அந்த இருவர் எங்களுக்கு, இவன் அவர்களுக்கு. கூடவே கோல் கம்பத்துக்கு ஒரு ஜோடி புது வலையும் வாங்கினேன். கெட்டிக்காரத்தனமான வியாபாரம் செய்துவிட்டதாக எனக்குப் பெருமை.

லீட்ஸ் செய்த வியாபாரம்

அதே ஆண்டு நவம்பர் மாதம் 26ஆம் தேதி இங்கிலாந்தில் இன்னொரு வியாபாரம் நடந்தது. லீட்ஸ் யுனைடெட் தன் பிரெஞ்சு ஆட்டக்காரர் எரிக் கன்டோனாவை மென்செஸ்டர் யுனைடெட்டுக்கு 12 லட்சம் பவுண்டுக்கு விற்றது.

கன்டோனாவின் பூர்வீகத்தைப் பார்த்தால் எந்தச் செயலாளரும் பயப்படுவார். பிரான்சில் தேசியப் பயிற்றுநரைத் தொலைக்காட்சியிலேயே திட்டித் தடை வாங்கியவர். மார்சேய் குழுவில் சட்டையைக் கழற்றி எறிந்தவர். 1991 டிசம்பரில் நடுவர்மேல் பந்தை வீசினார். விசாரணைக்குப் போன இடத்தில் குழு உறுப்பினர்கள் ஒவ்வொருவரிடமும் போய் "முட்டாள்" என்றார். தண்டனை இரட்டிப்பானது. இருபத்தைந்து வயதில் ஓய்வு என்று அறிவித்துவிட்டார்.

1992 தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு வந்தார். செப்பீல்டு வெட்னஸ்டே குழு, இன்னும் ஒரு வாரம் சோதித்துப் பார்க்கிறோம் என்றது. கோபித்துக்கொண்டு லீட்சுக்குப் போய்விட்டார். அந்தப் பருவத்தில் லீட்ஸ் வெற்றியாளர் பட்டம் வென்றது. ஆகஸ்டில் லிவர்பூலுக்கு எதிரான செரிட்டி ஷீல்டு ஆட்டத்தில் அவர் மூன்று கோல் போட்டார். அதே மாதம் டோட்டன்ஹாமுக்கு எதிராகவும் மூன்று. புதிதாகத் தொடங்கிய பிரிமியர் லீகில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் ஆள் அவர்தான்.

ஆனாலும் பயிற்றுநர் ஹோவர்ட் வில்கின்சனோடு ஒத்துப்போகவில்லை. நீளப் பந்தும் கடும் ஓட்டமும் வில்கின்சனின் வழி. பந்தைத் தரையில் வைத்து விளையாடுவது கன்டோனாவின் வழி. ஐரோப்பியக் கிண்ணத்தில் ரேஞ்சர்ஸிடம் தோற்ற பிறகு விரிசல் பெரிதானது. குழுவிலிருந்து ஒதுக்கப்பட்டார்.

அப்போதுதான் லீட்ஸ் நிர்வாகி ஒருவர், தற்காப்பு ஆட்டக்காரர் டெனிஸ் இர்வினை வாங்க முடியுமா என்று கேட்டு மென்செஸ்டருக்குத் தொலைபேசியில் அழைத்தார். இர்வின் கிடைக்கமாட்டார் என்று பதில் வந்தது. அதே பேச்சில், கன்டோனாவைக் கொடுப்பீர்களா என்று மென்செஸ்டர் கேட்டது. ஆள் வாங்கப் போன குழு, ஆளை விற்றுவிட்டு வந்தது.

பிறகு நடந்தது காற்பந்து ரசிகர்களுக்குத் தெரிந்ததே. 1967க்குப் பிறகு 26 ஆண்டுகள் லீக் பட்டம் காணாத மென்செஸ்டர், 1993 மே மாதம் பட்டம் வென்றது. நடப்பு வெற்றியாளரான லீட்ஸ் 17ஆவது இடத்துக்குச் சரிந்தது. அந்தப் பருவம் முழுக்க வெளித்திடலில் ஒரு லீக் ஆட்டத்தைக்கூட அது வெல்லவில்லை.

மே தினம், 1993

எங்கள் கதையும் அதே வாரத்தில்தான் முடிந்தது. மே தினத்தன்று தோட்டங்களுக்கிடையே எழுவர் காற்பந்துப் போட்டி. இறுதியாட்டத்தில் எங்களுக்கு எதிரே அவன். நான் வாங்கிய இரு தடுப்பாட்டக்காரர்களும் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் அவனைத் தடுக்க அவர்களால் முடியவில்லை. 2-0. இரண்டும் அவன் இடது காலில் அடித்தது. நான் பெருமையாக வாங்கிய வலையில்தான் இரண்டும் விழுந்தன. இரண்டு நாளில் மென்செஸ்டர் பட்டம் வென்ற செய்தி வந்தது. கூட்டாளிகள் என்னை 'லீட்ஸ்' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

தோற்றது பெரிதல்ல. ஏறக்குறைய பத்து ஆண்டுகள் கழித்து காடேக்கில் ஒரு கல்யாண வீட்டில் அவனைச் சந்தித்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தோம். கேட்டுவிட்டேன்: "அங்கே போனதும் எப்படிடா ஒழுங்கா ஆடினே?"

அவன் சிரித்தான். "அண்ணே, அப்ப எனக்கு நைட் ஷிப்ட். காலையில ஏழு மணிக்கு முடியும். பஸ் மாறி மாறி தோட்டத்துக்கு வர பத்து மணி ஆயிடும். தூக்கமில்லாம வந்து நிப்பேன். நீங்க திட்டுவீங்க. அந்த டீம்ல ஒருத்தரு வேன் வச்சிருந்தாரு. தொழிற்சாலை வாசல்லேயே வந்து ஏத்திக்கிட்டாரு. ரெண்டு மணி நேரம் தூங்கிட்டு ஆட வந்தேன். அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் கழித்து, "ஏன் லேட்டுன்னு நீங்க யாரும் கேட்கவே இல்லையேண்ணே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னான்.

அந்தக் காலத்தில் என்னிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அது சும்மாதான் நின்றது.

அனுப்புவது எப்போதும் தப்பா?

அப்படியும் சொல்லமாட்டேன். லிவர்பூல் குழுவே இரண்டு பாடங்களை வைத்திருக்கிறது.

2013இல் லுவிஸ் சுவாரெஸ் வெளியேறத் துடித்தார். அர்சனல் 4 கோடியே ஒரு பவுண்டு தருவதாகச் சொன்னது. லிவர்பூல் கொடுக்கவில்லை. தனியாகப் பயிற்சி செய்ய வைத்தார்கள். பிறகு சமாதானம் ஆனது. அடுத்த பருவத்தில் அவர் 31 லீக் கோல்கள் போட்டார். குழு பட்டத்தை நெருங்கி வந்து இரண்டாம் இடம் பிடித்தது. 2014இல்தான் அவரை பார்சிலோனாவுக்கு அனுப்பினார்கள்.

2018 ஜனவரியில் பிலிப் கொடின்யோ. அவரும் பார்சிலோனாதான் வேண்டும் என்று நின்றார். இம்முறை லிவர்பூல் விட்டுக்கொடுத்தது. கூடுதல் தொகைகளையும் சேர்த்தால் 14 கோடி பவுண்டுக்கு மேல் என்று பேசப்பட்ட விலை. அந்தக் காலகட்டத்திலேயே தற்காப்புக்கு வெர்ஜில் வான் டைக்கையும், சில மாதங்களில் கோல்கீப்பர் அலிசனையும் கொண்டுவந்தது. 2019 மே மாதம் கொடின்யோ ஆடிய பார்சிலோனாவையே 4-0 என்று தோற்கடித்து, அந்த ஆண்டு ஐரோப்பிய வெற்றியாளர் ஆனது. கொடின்யோவுக்கோ பார்சிலோனாவில் நிலைக்க முடியவில்லை. இரவலாக பாயர்ன் மியூனிக்குக்குப் போனவர், 2020இல் அதே பார்சிலோனாவுக்கு எதிரான 8-2 ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டார்.

ஆக, வைத்துக்கொள்வதும் சரியாகலாம், அனுப்புவதும் சரியாகலாம். லிவர்பூலுக்குத் தன் ஆட்டக்காரனுக்கு என்ன வேண்டும், தன் குழுவுக்கு என்ன குறை என்று தெரிந்திருந்தது. லீட்சும் நானும் தொல்லை தீர்ந்தால் போதும் என்று அனுப்பினோம்.

கன்டோனா மென்செஸ்டரில் திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1995 ஜனவரியில் கிரிஸ்டல் பேலஸ் திடலில் ஒரு ரசிகரை எகிறி உதைத்தார். செப்டம்பர் இறுதிவரை தடை. வெறுத்துப்போய் விலக நினைத்தவரை, பயிற்றுநர் அலெக்ஸ் பெர்குசன் பாரிசுக்கே போய்ச் சந்தித்துப் பேசி அழைத்து வந்தார். ஆள் அதே ஆள்தான். தேடிப் போய்ப் பேச ஒருவர் இருந்தார் என்பதுதான் வித்தியாசம். அந்தப் பருவத்தில் மென்செஸ்டர் லீக் பட்டம், எஃப்.ஏ. கிண்ணம் இரண்டையும் வென்றது.

நம் ஊருக்கு வருவோம். 2016இல் பிரிமியர் லீகை வென்று சூப்பர் லீகுக்கு உயர்ந்த மலாக்கா யுனைடெட்டை நினைத்துப் பாருங்கள். குருபோங் ஹங் ஜெபாட் அரங்கத்துக்கு நாமும் குடும்பத்தோடு போனோமே! சம்பளப் பாக்கி, நிதி நெருக்கடி என்று இழுத்து, 2023ஆம் ஆண்டுப் பருவத்துக்கு உரிமமே கிடைக்காமல் போனது. ஆட்டக்காரர்கள் திசைக்கு ஒருவராகப் பிரிந்தார்கள். சம்பளம் வராதவன் முகம் வாடியிருந்தால் அதைத் தலைக்கனம் என்பதா?

அந்தப் பையன்

ஒரு வாரம் கேட்டேன் அல்லவா? மூன்றாம் நாளே பையனின் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா மைலோ கலக்கிக் கொடுத்தார். "ஏன் போறே?" என்று மட்டும் கேட்டேன்.

இரண்டு காரணம் சொன்னான். ஒன்று, எங்களிடம் தற்காப்புக்கு ஆள் இல்லாததால் ஓராண்டாக அவனைப் பின்னால் நிறுத்தியிருக்கிறோம். அவனுக்கு நடுத்திடலில் ஆட ஆசை. இரண்டு, அடுத்த ஆண்டு எஸ்.பி.எம். தேர்வு. புதன்கிழமை கணிதத்துக்கு டியூஷன். எங்கள் பயிற்சியும் புதன்கிழமை. அந்தக் குழுவின் பயிற்சி சனி, ஞாயிறு.

முதல் காரணத்தை என்னால் சரிசெய்ய முடியும். இரண்டாவது முடியாது. அந்தத் திடலை நான்கு குழுக்கள் பங்குபோட்டுக்கொள்கிறோம். எங்களுக்குக் கிடைத்த நாள் புதன்தான். நாளை மாற்றித் தரச் சொல்லி மற்ற மூன்று குழுக்களிடமும் கேட்டுப் பார்த்தேன். நடக்கவில்லை.

கடிதத்தை நானே எழுதினேன். பதிலுக்குக் கோல்கீப்பர் கேட்கவில்லை. புதுக் குழுவின் பயிற்றுநருக்குத் தொலைபேசியில் சொன்னேன்: "பையனை நடுத்திடலில் விடுங்க. புதன்கிழமை மட்டும் கூப்பிடாதீங்க." செயற்குழுவில் ஒருவர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தீபாவளிப் போட்டியில் நாங்கள் தோற்றால் மற்ற இருவரும் பேசமாட்டார்கள்.

தாமான்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் சம்பளம் வாங்காமல் பிள்ளைகளுக்குக் காற்பந்து சொல்லிக்கொடுக்கும் அண்ணன்மார் இந்த மாநிலத்தில் நிறைய பேர் இருக்கிறீர்கள். உங்கள் குழுவிலும் ஒருவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பான். அநேகமாக அவன்தான் உங்கள் சிறந்த ஆட்டக்காரனாகவும் இருப்பான். அனுப்புங்கள், அல்லது வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை அவன் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.

கடைசிப் பயிற்சியன்று கடிதத்தைக் கையில் கொடுத்தேன். மழை வரும்போல் இருந்தது. அவன் சைக்கிளில் காற்று இல்லை. மோட்டார் சைக்கிளில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை.