கடன் வாங்காமல் கழித்த பையன்

மூன்றாம் வகுப்பு. கரும்பலகையில் 52-லிருந்து 28-ஐக் கழிக்கும் கணக்கு. எல்லாப் பிள்ளைகளும் பத்தாமிடத்தில் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் மட்டும் நோட்டில் வெறும் 24 என்று எழுதிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே மேயும் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"எப்படிடா வந்துச்சு?"

"28-ல இருந்து 30-க்கு ரெண்டு டீச்சர். 30-ல இருந்து 52-க்கு இருபத்திரெண்டு. சேர்த்தா இருபத்துநாலு."

"கடன் வாங்கிப் போடச் சொன்னேனா இல்லையா?"

விடை சரி. வழிமுறை இல்லாததால் பாதி மதிப்பெண் போச்சு. இது கற்பனைக் காட்சிதான். ஆனால் தொடக்கப் பள்ளியில் நாலு வருஷம் வேலை பார்த்த எவருக்கும் இந்தப் பையனைத் தெரிந்திருக்கும். ஆசிரியர் பயிற்சிப் புத்தகங்களில் இவனுக்கு 'மீத்திறன் மிக்க குழந்தை' என்று பெயர். ஆசிரியர் அறையில் 'அதிகப்பிரசங்கி'. வீட்டில் 'வாலு'.

முதல் ரேங்க் வாங்கும் பிள்ளையும் மீத்திறன் மிக்க பிள்ளையும் ஒரே ஆளாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். முதல் ரேங்க் பிள்ளை சொன்னதைச் சொன்னபடி செய்யும். கையெழுத்து அழகாக இருக்கும், வீட்டுப்பாடம் தவறாது. மற்றப் பிள்ளை, சொன்னதைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டு மீதியைத் தன் வழியில் கொண்டுபோகும். பத்துத் தடவை சொல்லிக்கொடுக்க வேண்டியது அதற்கு ஒரு தடவையிலோ இரண்டு தடவையிலோ போதும். அதற்கப்புறம் அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் வேலை இல்லை. வேலை இல்லாத எட்டு வயசுப் பிள்ளை என்ன செய்யும்? பக்கத்தில் இருப்பவனைச் சீண்டும், பென்சிலைச் சீவிக்கொண்டே இருக்கும், ஆட்டைப் பார்க்கும். பெண் பிள்ளையாக இருந்தால் பெரும்பாலும் இதுகூடக் கண்ணில் படாது. அமைதியாக உட்கார்ந்திருக்கும், நாமும் நல்ல பிள்ளை என்று விட்டுவிடுவோம்.

இன்னொன்று, இந்தப் பிள்ளைகள் எல்லாப் பக்கமும் சமமாக வளர்வதில்லை. கணக்கில் ஆறாம் வகுப்புப் பிள்ளைபோல யோசிப்பவன், கேரம் போர்டில் தோற்றால் ஆறு வயசுப் பிள்ளைபோல அழுவான். மனசு ஓடும் வேகத்துக்குக் கை ஓடாததால் நோட்டு கோழி கிளறியதுபோல இருக்கும். டிஸ்லெக்சியா போன்ற கற்றல் சிரமம் இருக்கும் பிள்ளையிடமும் பெரிய திறமை இருக்கலாம். அப்போது ஒன்று மற்றொன்றை மறைத்து, பார்ப்பவர் கண்ணுக்குச் சராசரிப் பிள்ளையாகத் தெரியும்.

அப்புறம், மனப்பாடம். நாட்டுத் தலைநகரங்களைக் கடகடவென்று ஒப்பிக்கும் குழந்தையைக் கண்டால் நமக்குப் புல்லரித்துவிடும், உடனே வீடியோ எடுப்போம். நினைவாற்றல் நல்ல விஷயம்தான், பழிப்பதற்கில்லை. ஆனால் "தலைநகரம் எதுக்கு நாட்டுக்கு நடுவுல இல்ல?" என்று நடுவில் நிறுத்திக் கேட்கும் குழந்தையைத்தான் நான் கவனிப்பேன்.

சரி, ஆசிரியரிடம் கேட்டால் சொல்லிவிட மாட்டாரா? சொல்வார், பாதி சரியாக. 1921-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன், கலிஃபோர்னியா பள்ளிகளில் புத்திசாலிப் பிள்ளைகள் யார் யார் என்று ஆசிரியர்களிடம் கேட்டு, அவர்களுக்கு நுண்ணறிவுத் தேர்வு வைத்துச் சுமார் 1,500 பேரைத் தேர்ந்தெடுத்தார். வாழ்நாள் முழுக்க அவர்களைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு அது. அந்தத் தேர்வில் மதிப்பெண் போதாமல் வெளியே நின்றவர்களில் இருவர் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும். பின்னாளில் இருவரும் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கினார்கள், 1956-லும் 1968-லும். உள்ளே எடுத்த 1,500 பேரில் ஒருவரும் நோபல் வாங்கவில்லை.

இதைவிட நமக்குப் பக்கமான பாடம் ஃபுளோரிடாவின் புரோவார்ட் மாவட்டத்தில் நடந்தது. அங்கே முதலில் பெற்றோரோ ஆசிரியரோ பரிந்துரைத்த பிள்ளைகளுக்கு மட்டும்தான் நுண்ணறிவுத் தேர்வு. வசதியுள்ள வீட்டார் தனியார் உளவியலாளரிடம் காசு கட்டியும் தேர்வு வைத்துக்கொள்ளலாம். 2005-ஐ ஒட்டி மாவட்டம் ஒரு மாற்றம் செய்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும், யாரையும் விடாமல், சொற்களே இல்லாத வடிவப் புதிர்த் தேர்வு ஒன்றை முதலில் வைத்தார்கள். அதில் தேறியவர்களை அடுத்த கட்டத்துக்கு அனுப்பினார்கள். தகுதிக்கான அளவுகோலைத் தளர்த்தவில்லை. டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ என்ற இரு பொருளியலாளர்கள் கணக்கெடுத்துப் பார்த்தபோது, கறுப்பினப் பிள்ளைகளில் மீத்திறன் பட்டியலில் இடம்பிடித்தவர்களின் விகிதம் 80 சதவீதமும் ஹிஸ்பானிக் பிள்ளைகளில் அந்த விகிதம் 130 சதவீதமும் உயர்ந்திருந்தது. அத்தனை பேரும் முன்பும் அதே வகுப்புகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவர்கள் பெயரைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பிறகு பணத்தட்டுப்பாடு வந்தது. எல்லோருக்குமான தேர்வைச் சுருக்கினார்கள். பழைய ஏற்றத்தாழ்வு திரும்பிவிட்டது.

நம் ஊருக்கு வருவோம். படிப்பு உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வு எட்டாம் வகுப்பில் வருகிறது. ஊரகத் திறனாய்வுத் தேர்வு ஒன்பதில். அதற்குள் அந்தப் பையன் எட்டு வருஷம் ஆட்டைப் பார்த்து முடித்திருப்பான். தொடக்க வகுப்புகளுக்கு என்று 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-ல் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்ப நடத்துவது அதன் வழி. கொரோனாவில் விட்டுப்போனதைப் பிடிக்க வந்த திட்டம் என்பதால் பின்தங்கியவர்கள் மேல்தான் அதன் கண். அது நியாயமும்கூட. ஆனால் மலர்தான் அதில் கடைசி நிலை. ஜூன் மாதமே மலரைத் தாண்டி நிற்கும் பிள்ளைக்கு அடுத்து என்ன? காய், கனி என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

அந்தப் பிள்ளைக்கு என்ன செய்யக் கூடாது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். "முடிச்சிட்டியா? அடுத்த பத்துக் கணக்கையும் போடு" என்பது பரிசு இல்லை, தண்டனை. இரண்டு முறை அப்படி மாட்டிக்கொண்ட பிள்ளை மூன்றாம் முறை மெதுவாகப் போடக் கற்றுக்கொள்ளும். அதேபோல், திண்ணைப் பள்ளிக் காலத்திலிருந்து வரும் சட்டாம்பிள்ளை வேலை: மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடு, பேசுகிறவன் பெயரை எழுது, சாக்பீஸ் எடுத்துவா. எப்போதாவது செய்யட்டும். வருஷம் முழுக்க அதுவே என்றால், அந்தப் பிள்ளை பள்ளிக்கு வந்தது படிக்கவா, வேலை பார்க்கவா?

கொடுக்க வேண்டியது அதிகக் கணக்கு இல்லை, ஆழமான கணக்கு. அதே 52, 28-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பு முழுவதிடமும் இப்படிக் கேட்கலாம்: "விடை 24 வரணும். கழித்தல் கணக்கு எத்தனை எழுதுவீங்க?" மெல்லக் கற்கும் பிள்ளை 25-லிருந்து 1 என்று எழுதும்; அதுவும் சரிதான். நம் ஆள் நாலைந்து எழுதியதும் நிமிர்ந்து பார்ப்பான். மேலேயும் கீழேயும் ஒன்றொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் விடை மாறவில்லை, இது முடியவே முடியாதே! அப்போது அடுத்த கொக்கியைப் போடுங்கள்: "இரண்டுமே ஈரிலக்க எண்ணா இருக்கணும்னா எத்தனை?" (34-லிருந்து 10-ஐக் கழிப்பதில் தொடங்கி, 99-லிருந்து 75-ஐக் கழிப்பதில் முடியும், 66 கணக்குகள்.) தனிப் புத்தகம் வேண்டாம், தனி அறை வேண்டாம், செலவும் இல்லை.

மேல்வகுப்புப் பாடத்தைக் கேட்க விடுவது இன்னொரு வழி. முன்பு டபுள் புரமோஷன் இருந்தது. இன்று வயதுக்கேற்ற வகுப்பு என்பதுதான் நடைமுறை. ஆனால் வகுப்பைத் தாண்டாமல் பாடத்தை மட்டும் தாண்டலாமே. இதில் ஈராசிரியர் பள்ளிகளுக்கு ஒரு அனுகூலம் உண்டு. ஒரே அறையில் பல வகுப்புகள் இருப்பதைக் குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். இரண்டாம் வகுப்பு வரிசையில் உட்கார்ந்துகொண்டு நான்காம் வகுப்புப் பாடத்துக்குக் காது கொடுக்கும் பிள்ளையை அதட்டித் திருப்பாமல், கணக்கு நேரத்தில் அந்த வரிசைக்கே மாற்றி உட்கார வைத்தால் போதும்.

தனியாகப் பிரித்து எடுத்துப் படிக்க வைக்கலாமே என்று கேட்பவர்களுக்குச் சிங்கப்பூர் அனுபவம் உதவும். அங்கே 1984-ல் மீத்திறன் கல்வித் திட்டம் தொடங்கியது. தொடக்கநிலை மூன்றில் தேர்வு வைத்து, சுமார் ஒரு சதவீதப் பிள்ளைகளை மட்டும் எடுத்து, ஒன்பது பள்ளிகளில் தனி வகுப்பு நடத்தினார்கள். அந்தத் தேர்வுக்கும் டியூஷன் முளைத்தது. 2024 ஆகஸ்டில் பிரதமர் லாரன்ஸ் வோங், அந்த வடிவத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு தொடக்கப் பள்ளியும் தன் பிள்ளைகளுக்குத் தானே திட்டம் நடத்தும் என்று அறிவித்தார். நாற்பது ஆண்டு பிரித்துப் பார்த்த நாடு அது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை அப்படிப்பட்டது என்று தோன்றினால் ஊருக்குச் சொல்லாதீர்கள், பிள்ளை காதுபடச் சொல்லவே சொல்லாதீர்கள். 'ஜீனியஸ்' என்று பெயர் வாங்கிய குழந்தை, தெரியாத கணக்கைத் தொடவே பயப்படும். அதற்குப் பதிலாகப் பொது நூலகத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு வாரம், ஒரு நாளைக்கு மூன்று பிள்ளைகள் வீதம், அவர்கள் சொன்ன அல்லது செய்த எதிர்பாராத ஒன்றை ஒரு நோட்டில் ஒற்றை வரியில் குறித்துவையுங்கள். வருகைப் பதிவேட்டின் கடைசிப் பெயரிலிருந்து தொடங்குங்கள்.